குறுக்கே ஓடிய கோடு

அக்கா,

இன்று காலை உங்கள் அம்பு கிடைத்தது.

என் மேசைக் கணினியின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நம் ஆபீஸ் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியாததா? கீழே என் வீட்டுக்காரருடைய அண்ணனின், பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட், மேலே நாம். நாள் முழுக்க மெஷின் ஓடும் அதிர்வு காலுக்கடியில் இருக்கும். பஞ்சு எப்படியோ மாடியேறி வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். திரையின் கீழ்விளிம்புக்கு அடியில் விரலை விட்டுப் பஞ்சை வழித்தபோது ஏதோ தட்டுப்பட்டது. உரித்துப் பார்த்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். சுண்டுவிரல் நகத்தின் அளவு. துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டச் செக்கிங் பெண்கள் ஒட்டுவார்களே, அதே அம்பு. அதன் வால்பக்கம் நீலப் பேனாவால் ஒரு புள்ளி. அம்பில் புள்ளி வைக்கிற ஆள் இந்த ஆபீசில் ஒருவர்தான் இருந்தார்.

அம்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் செல்போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வங்கக்கடலில் புயல், நாளை விடிவதற்குள் கரையைக் கடக்கும் என்றார்கள். எந்தக் கரை என்று சொன்னபோது உங்கள் ஊர்ப் பக்கத்தைச் சொன்னார்கள்.

பயமாக இருக்கிறது. யாரிடமாவது இதைச் சொன்னால், அங்கே அடிக்கிற புயலுக்குத் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன பயம் என்று சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தும்விட்டார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் போய்ப் பதினோரு மாதமாகிறது. இந்த அம்பைப் பற்றி உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை உங்களிடமே சொல்லாமல் இன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

நீங்கள் முதன்முதலில் மாடியேறி வந்தது எங்களைத் திட்டுவதற்கு. எங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து கீழே துணி ரோல்மேல் சொட்டியதாம். கீழே கம்பெனியில் நீங்கள் துணி செக்கிங். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடியின்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, கோடு எது வந்தாலும் நீங்கள் அம்பு ஒட்ட வேண்டும். பதினைந்து வருஷம் அதையே பார்த்த கண். திட்டிவிட்டுப் போக வந்தவர், என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில ஓட்டை இருக்கு பாருங்க மேடம்" என்றீர்கள்.

இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த ஓட்டை அது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நான் இதற்கென்றே படித்தவள். நீங்கள் பார்த்தது துணி என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். சாம்பல் துணி மாதிரித்தான் தெரிகிறது, என்ன அது என்று கேட்டீர்கள்.

தரை என்றேன். விமானத்திலிருந்து கீழே ஒளியைப் பாய்ச்சுவார்கள். அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துக் கீழே இருக்கும் ஒவ்வொரு இடமும் எவ்வளவு உயரம் என்று அளப்பார்கள். மரம், வீடு, படகு, கரண்ட் கம்பம் எல்லாமே புள்ளிப் புள்ளியாக வந்து கொட்டும். அதிலிருந்து மரத்தையும் வீட்டையும் கழித்து, வெறுந்தரையை மட்டும் மிச்சம் வைத்துக் கொடுப்பது எங்கள் பங்கு. அந்தத் தரைமேல் கணினியிலேயே தண்ணீரை ஏற்றிப் பார்த்தால் எந்த இடம் முழுகும், எந்த இடம் தப்பும் என்று தெரியும். இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப ஒரு ஓட்டையை வுட்டாலும் வம்புதான்" என்றீர்கள். அன்றைக்கே உங்கள் சூப்பர்வைசரிடம் போய் உங்களைக் கேட்டேன். டிகிரி முடித்துவிட்டு வந்த பிள்ளைகள் மூன்று மாதத்தில் கோயம்புத்தூருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

கம்ப்யூட்டர் தெரியாது என்று தயங்கினீர்கள். "கம்ப்யூட்டரை நாங்க பாத்துக்கறோமுங்க்கா. நீங்க பாருங்க, அது போதும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு புத்திசாலித்தனம் அதுதான்.

மேலே வரும்போது உங்கள் சட்டத்தையும் கொண்டுவந்தீர்கள். செக்கிங் ஆள் ஊசியைத் தொடக் கூடாது. பழுதைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். அதனால் நீங்கள் மௌஸைத் தொட்டதே இல்லை. திரைமேல் அம்பு ஒட்டுவீர்கள், நோட்டில் எழுதுவீர்கள். நான் கணினியில் சரிசெய்துவிட்டு அம்பை உரிப்பேன். திரை முழுக்கச் சிவப்பு அம்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்று கீழிருந்து வருபவர்கள் கேலி செய்வார்கள். பழுதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வெறும் அம்பு. சந்தேகம் என்றால் வாலில் பேனாப் புள்ளி. புள்ளி இருந்தால் வேலை கொடுத்தவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. "பழுதான்னு தெரியாம தச்சா, தச்சதே பழுதாயிரும் மேடம்."

ஒருநாள் கேட்டேன், எட்டு மணி நேரம் பார்த்தும் உங்களுக்கு எப்படிக் கண் அசராமல் இருக்கிறது என்று. சிரித்தீர்கள். "பயந்துக்கிட்டே பாக்கணும் மேடம். ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றீர்கள். நான் அப்போது அதைக் கேட்டுவிட்டு டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன்.

நீடில் லைன் என்ற சொல்லையும் நீங்கள்தான் மேலே கொண்டுவந்தீர்கள். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி நெடுக நேராக ஒரு கோடு விழும். விமானமும் போய்ப் போய்த் திரும்பித்தான் அளக்கிறது. ஓர் ஓட்டமும் அடுத்த ஓட்டமும் சேரும் இடத்தில் சில சமயம் அதேபோல் நேர்கோடு விழுந்துவிடும். அதைப் பார்த்ததும் நீங்கள் "நீடில் லைன்" என்றீர்கள்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வேலை கொடுத்த சென்னைக் கம்பெனிக்காரருக்குப் புரியவில்லை. எங்கள் ஆபீசில் எல்லோருமே பனியன் கம்பெனிக்குக் கீழேயும் மேலேயும் வேலை பார்த்துப் பழகியவர்கள். நேர்கோடு என்றால் மெஷின் கோளாறு என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

அப்புறம் அந்தக் கடற்கரை வேலை வந்தது.

நான் குண்டடத்துக்காரி. சோளக்காடும் வேலியும் பார்த்து வளர்ந்தவள். கடலை அதுவரை ஒரே ஒருமுறை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவள் கடற்கரைக்கு உயரப் படம் போட உட்கார்ந்தேன். புயல் வந்தால் எந்தக் குப்பத்தை முதலில் காலிசெய்வது என்று முடிவு செய்ய அந்தப் படம் போகப்போகிறது என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். வேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் எண் மட்டும் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. கேட்கக் கூடாது என்று கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள்.

ஆனி மாதம். நாற்பத்தோராம் சதுரம். அதன் முன்னால் நீங்கள் டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். சாம்பல் நிறப் படம். வலதுபக்கம் கடல். அதை ஒட்டி வடக்குத் தெற்காக மணல்மேடு. மேட்டுக்கு உட்புறம் தாழ்ந்த தரை, வீடுகளைக் கழித்தெடுத்த தடத்தோடு. அந்த மேட்டை ஒரு மெல்லிய கோடு வெட்டிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போனது. நீங்கள் அதில் அம்பு ஒட்டினீர்கள். பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தீர்கள்.

"மேடம், இதைத் தச்சுராதீங்க. கேட்டுட்டுச் செய்யுங்க."

மறுநாள் காலை எல்லாச் சதுரமும் போயாக வேண்டும். எனக்கு எரிச்சல். "நீடில் லைன்தானுங்க்கா. எவ்வளவு நேரா இருக்குது பாருங்க. மண்ணு எங்கயாச்சும் இப்படி நேரா கோடு போடுமா?" என்றேன்.

"மண்ணு போடாது மேடம். மம்பட்டி போடும்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. நீடில் லைன் துணி ஓடுகிற பக்கமாகத்தான் ஓடும், விமானம் கரையோடு கரையாகப் போனதாக நீங்கள்தானே சொன்னீர்கள் மேடம், இது குறுக்கால ஓடுகிறதே என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தை தப்பில்லை அக்கா. படித்த நான் பார்த்திருக்க வேண்டியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஊரு கரை மாதிரியே இருக்கு" என்றீர்கள்.

மேலிருந்து பார்த்தால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று வெடுக்கென்று சொன்னேன். எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலே நேர்கோடுதான். அதில் காலை நனைத்துக்கொண்டு வளர்ந்த என் வாயிலிருந்துதான் மண் நேராகக் கோடு போடுமா என்ற கேள்வி வந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீங்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகு அம்பை உரித்தேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று திரையின் விளிம்புக்கு அடியில் ஒட்டிவைத்தேன். கோட்டின் இரண்டு பக்கத்து உயரத்தையும் எடுத்து நடுவில் நிரப்பினேன். அரை நிமிஷ வேலை. மணல்மேடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு விரிசல் இல்லாமல் வந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிட உட்காரும்போது கேட்டீர்கள். "அந்தக் கோட்டைக் கேட்டீங்களா மேடம்?"

"கேட்டாச்சுங்க்கா. மெஷின் கோடுதான்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். யாரிடமும் நான் கேட்கவே இல்லை. உங்கள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அப்ப எங்க ஊரு இல்ல" என்று சொல்லிக்கொண்டே தூக்குப்போசியைத் திறந்தீர்கள். அன்றைக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொண்டுவந்திருந்தீர்கள், எனக்கும் வைத்தீர்கள். நான் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் லைன் வீட்டிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி வந்து ஊருக்கு எடுத்துப்போனார். நான் பின்னாலேயே காரில் வந்தேன். வழிநெடுக மழை. விடிந்தபோது போய்ச் சேர்ந்தோம். உங்கள் ஊரை, உங்கள் கடலை, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுடுகாடு மணல்மேட்டின் மறுபக்கம். அதற்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால். குறுக்கே இரண்டு பனைமரத்தைப் போட்டிருந்தார்கள். உங்கள் ஊரில் பெண்களும் அதுவரை வரலாம் என்றார்கள், நானும் நடந்தேன். பாதி மரத்தில் கீழே பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர், குப்பத்திலிருந்து கடலுக்கு, ஒரு வளைவு இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்து மணல் சுவரிலும் மம்பட்டி விழுந்த தடம். என்னால் அதற்குமேல் கால் எடுத்து வைக்க முடியவில்லை.

தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்து உங்கள் தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தைரியம் சொல்வதற்காகவே பேசிக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்குக் குப்பத்துக்குள் தண்ணீர் தேங்கிவிடுமாம். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மம்பட்டி என்று சேர்ந்து மேட்டை வெட்டி மழைத் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்களாம். பங்குனிக்குள் காற்றே மணலை அள்ளிப் போட்டு மூடிவிடுமாம். கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் கூடை கூடையாக மண் சுமந்தீர்களாம்.

விமானம் பறந்தது தை மாதம் அக்கா. வெட்டு திறந்திருந்தது. படம் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் வெட்டுகிறார்கள். அதே மழைக்காலத்தில்தான் புயலும் வரும். மழைத் தண்ணீர் வெளியே போகிற வழியில் கடல் உள்ளே வரும். உங்கள் வீடு உட்பட அந்தக் குப்பம் முழுக்க மேட்டுக்குள் இருக்கும் பள்ளத்தில் இருக்கிறது. நான் அனுப்பிய படத்தில் அந்த மேட்டில் வழியே இல்லை. பனைமரத்தின்மேல் நின்றபடி நான் அழுத அழுகையைப் பார்த்து, திருப்பூர் மேடத்துக்கு அக்காமேல் எவ்வளவு பாசம் என்று உங்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பாசத்துக்கு அழுதது பாதி. மீதி பயத்துக்கு.

ஊருக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை சொல்லலாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை என்றேன். கம்பெனிக்காரர் அடுத்த வேலையை அனுப்பினார், வாங்கிக்கொண்டேன். அந்த வருஷம் புயல் வரவில்லை. பங்குனி வந்தது, மணல் மூடியிருக்கும், இனி என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஊரில் எல்லோரும் என்னை வாய்க்காரி என்பார்கள். ஒரு போன் செய்ய அந்த வாய் பதினோரு மாதம் திறக்கவில்லை.

இன்று காலை அம்பை மேசைமேல் வைத்துவிட்டு, நாம் அனுப்பிய கடைசிப் படத்தைத் திறந்தேன். அதன்மேல் கம்பெனிக்காரர்கள் போட்ட வெள்ளப் படத்தையும் திறந்தேன். கடலின் நீலம் மணல்மேடுவரை வந்து சமர்த்தாக நின்றுவிட்டது. அதற்கு உட்புறம் உங்கள் குப்பம் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் தப்பும் இடம்.

சென்னைக் கம்பெனிக்காரரைப் போனில் கூப்பிட்டேன். என் தப்பு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வேலை முடிந்து, அரசாங்கத்தில் ஒப்புக்கொண்டு, மேலே போய்விட்டது, இந்த நேரத்தில் இதைக் கிளப்பினால் எல்லோருக்கும் குழப்பம், புயல் கடக்கட்டும், ஒரு மெயில் போட்டு வையுங்கள் என்றார்.

உங்கள் தம்பியின் நம்பர் உங்கள் செக்கிங் நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது. அடித்தேன். எடுத்ததும், மேடமா, நல்லா இருக்கீங்களா என்றுதான் கேட்டார். பின்னால் காற்றுச் சத்தம். காலி செய்யச் சொல்லிவிட்டார்களா என்றேன். பக்கத்துக் குப்பத்துக்கெல்லாம் வேன் வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை என்றார். "நம்ம ஊரு மேடுன்னு மேப்புல வந்துருக்காம் மேடம். பயப்பட வேணாம்னுட்டாங்க."

"அந்த மேடு நான் போட்டதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் வெட்டு தெரிந்தது, மெஷின் கோடு என்று நினைத்து நான் மூடிவிட்டேன், அதனால்தான் உங்கள் ஊர் தப்பும் என்று காட்டுகிறது என்றேன். இந்த வருஷம் வெட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். வெட்டி எட்டு நாளாகிறது என்றார். இப்போது மூட முடியுமா என்றேன். உள்ளே முழங்கால் தண்ணீர் நிற்கிறது, மூடினால் அதிலேயே முழுகுவோம் என்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"எங்க அக்கா அதைப் பாக்கலையா மேடம்?" என்று கேட்டார்.

"பாத்தாங்க. அம்பு ஒட்டுனாங்க. நாந்தான் உரிச்சேனுங்க."

இதைச் சொல்லும்போது நான் எழுந்து நின்றிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை. அவர் சரி என்றார். அக்கா பார்த்திருந்தால் அது அங்கே இருக்கும், நாங்கள் கிளம்புகிறோம் என்றார். வேனுக்கு மட்டும் வி.ஏ.ஓ. பேப்பர் ஏதாவது கேட்பார், அனுப்ப முடியுமா என்றார்.

பழைய புள்ளிகளை எடுத்தேன். என் ஒட்டைப் பிரித்தேன். தைத்தது அரை நிமிஷம். பிரிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, புள்ளி புள்ளியாகச் சரிபார்த்தேன். கோடு மறுபடி திறந்தது. தண்ணீரை ஏற்றினேன். நீலம் மேட்டுக்கு வந்தது, அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது, உள்ளே நுழைந்து வீட்டுத் தடம் ஒன்றையும் விடாமல் நிரம்பியது. உங்கள் வீடு எது என்று இப்போது எனக்குத் தெரியும். அதுவும் போயிற்று. படத்தோடு ஒரு தாளில், முந்தைய படம் தவறு, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த வி.ஏ.ஓ. யாரென்றே எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். பக்கத்துக் குப்பத்தில் நின்ற வேன்களைத் திருப்பி உங்கள் ஊருக்கு அனுப்பினார்.

மூன்றரை மணிக்கு உங்கள் தம்பி பள்ளிக்கூட மாடியிலிருந்து பேசினார். எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆடுகூட வந்துவிட்டது என்றார். நான் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிப்பதற்குள் அவரே சொன்னார், புயல் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அலை இப்போதே ஏறுகிறது என்று. "உள்ள வர ஆரம்பிச்சுட்டுது மேடம். அந்த வெட்டுலதான் வருது."

இத்தோடு இந்தக் கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அக்கா. முடிக்க விடவில்லை. தம்பியின் நம்பருக்காக எடுத்த உங்கள் நோட்டு மேசைமேலேயே கிடந்தது. புரட்டினேன். சதுரத்தின் எண், என்ன பழுது, புள்ளி உண்டா இல்லையா என்று வரிவரியாக உங்கள் கையெழுத்து. நாற்பத்தொன்றுக்கு நேராக: குறுக்குக் கோடு, புள்ளி. அதற்கு அடுத்த வாரம், இரண்டாம் கட்டமாக வந்த சதுரங்களில் ஒன்றில்: குறுக்குக் கோடு. புள்ளி இல்லை. இன்னொன்றில்: குறுக்குக் கோடு. புள்ளி இல்லை.

மொத்தம் ஏழு. ஒன்றிலும் புள்ளி இல்லை.

குறுக்கே ஓடினாலும் மெஷின் கோடுதான் என்று கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டதாக நான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். பதினைந்து வருஷம் தப்பாத கண்ணை என் ஒரு பொய் கெடுத்துவிட்டது. அதன்பிறகு வந்த ஏழு கோடுகளையும் நீங்கள் சந்தேகப்படாமல் பழுது என்று காட்டினீர்கள்; நான் ஏழையும் தைத்தேன். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருப்பூரில் நீங்கள் இருந்தீர்கள். அந்த ஏழு ஊருக்கு யார் இருக்கிறார்கள்? அவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எண் தெரியும்.

ஏழையும் திறந்துவிட்டேன். வரைபடத்தோடு பொருத்தி ஊர்ப்பெயர் தேடினேன். ஒன்று உண்மையாகவே மெஷின் கோடுதான், கரையோடு கரையாக நேராக ஓடுகிறது. நீங்கள் அவசரத்தில் குறுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு ஊர். அந்த வி.ஏ.ஓ. தனக்குத் தெரிந்த நம்பர்களைக் கொடுத்தார். கம்பெனிக்காரரை மறுபடி கூப்பிட்டு, நீங்கள் மேலே அனுப்பாவிட்டால் நானே நேராக அனுப்புவேன் என்று என் பழைய வாயோடு பேசினேன், அனுப்பிவிட்டார். ஐந்து ஊரில் ஆள் பேசினார்கள். கிளம்புகிறோம் என்றார்கள்.

ஆறாவது ஊரில் யாரும் எடுக்கவில்லை. மணி ஐந்து ஐம்பது. கீழே மெஷினை நிறுத்திவிட்டார்கள், தரை அதிரவில்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது. பயந்துகொண்டே பார்க்க வேண்டும் என்றீர்களே, இப்போது பார்க்கிறேன். இனி எதையும் வேறு மாதிரி பார்க்க எனக்குத் தெரியாது.

உங்கள் அம்பை அந்த ஊரின் கோட்டின்மேல் ஒட்டப் பார்த்தேன். பசை காய்ந்துபோய்விட்டது, நிற்கவில்லை. கட்டைவிரலால் திரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கையால் இதை எழுதுகிறேன், போன் மேசைமேல் ஸ்பீக்கரில். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாராவது எடுக்கும்வரை விரலை எடுக்க மாட்டேன் அக்கா.